முப்பத்து நாலுக்கு அர்த்தம்

காலை ஒன்பது மணியிலிருந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிக் கோகிலவாணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. நூறு குழந்தைங்க ஒரு வரிசையில நிக்கறதா நெனச்சுக்குங்க, உங்க குழந்தைக்குப் பின்னாடி இத்தனை பேரு, முன்னாடி இத்தனை பேரு, அவ்வளவுதாங்க பர்சென்டைல், இது மார்க் இல்லைங்க. பத்தொன்பது பேருக்குச் சொல்லியாகிவிட்டது, இன்னும் ஒன்பது பேர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். இது மார்க் இல்லைங்க என்று அவள் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டினார்கள், தலையாட்டிவிட்டு எழுந்திருக்கும்போது, அப்ப எத்தனை மார்க்குங்க டீச்சர் என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்பு பி பிரிவின் பெஞ்சுகள் பத்து வயதுக் குழந்தைகளுக்கானவை, பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மார்புவரை வந்துவிடுகிறது, அப்படி உட்கார்ந்தவர்களிடம் எதைச் சொன்னாலும் சரியென்றுதான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இந்த யோசனைகூட கோ-ஆர்டினேட்டர் ஷீபா மேடத்துக்கு இருந்திருக்குமோ. ஸ்டாஃப் ரூமில் நல்ல நாற்காலிகள் பன்னிரண்டு இருக்கின்றன. ஆனால் அங்கே ஏ பிரிவின் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு விளக்கத்தோடு காப்பியும் உண்டு. டிசம்பரில் டெல்லிக் கம்பெனி ஒன்று இந்தத் தேர்வை நடத்தியது. நாற்பது கேள்வி, நாற்பது நிமிஷம், நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். பிப்ரவரியில் வழவழப்பான தாளில் கலர் கலராக அறிக்கை வந்தது, நாடு முழுவதற்கும் ஒரு எண், பள்ளிக்குள் ஒரு எண். பள்ளிக்குள் நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், நாலு பிரிவு. பள்ளிக்குள் நாற்பதுக்குக் கீழே வந்தவர்கள் ஆறாம் வகுப்பில் பேசிக் செக்ஷனுக்குப் போக வேண்டும் என்று போன வாரம் ஷீபா மேடம் சொன்னார், சொல்லிவிட்டு ஒரு படிவத்தையும் கொடுத்தார். என் குழந்தையின் தேர்வறிக்கை எனக்கு முழுமையாக விளக்கப்பட்டது, பிரிவு மாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன். கீழே கையெழுத்துக்குக் கோடு. "விளக்குறது உங்க வேலை, கோகிலா. சைன் வாங்காம யாரையும் வெளிய விடாதீங்க. நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க." நீங்க சொன்னா கேப்பாங்க. பதினெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர், இந்த ஊரில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாய். அந்த வாய்தான் இப்போது கட்டிக்கொண்டது.

பேசிக் செக்ஷன் பின்கட்டில் இருக்கிறது, பஸ்கள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், டீசல் நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். அங்கே கணக்குக்கென்று தனி டீச்சர் கிடையாது, யாருக்கு பீரியட் காலியோ அவர்கள் போவார்கள், போய் உட்கார்ந்து வேறு வகுப்பு நோட்டுத் திருத்துவார்கள். அவளும் போயிருக்கிறாள், அவளும் நோட்டுத் திருத்தியிருக்கிறாள். அந்தக் குழந்தைகள் சத்தம் போடாது. முதல் வருஷம் போடும், இரண்டாம் வருஷம் போடாது, அதுதான் அங்கே அவர்கள் கற்றுக்கொள்கிற பாடம். எட்டாவது முடிந்ததும் ஒவ்வொருவராக டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் போர்டில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று எழுத அது வசதி. இதெல்லாம் படிவத்தில் இல்லை. படிவத்தில், குழந்தையின் வேகத்துக்கு ஏற்ற கற்றல் என்று இருந்தது. ஏற்ற என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் பெரிய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டே அடுத்த அறிக்கையை எடுத்தாள். எடுக்கும்போதே தெரியும் இது யாருடையது என்று. காலையிலிருந்து அதைக் கட்டின் அடியில் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள், தள்ளினால் மட்டும் என்ன, கடைசியில் ஒரு முறை மேலே வந்துதானே தீர வேண்டும். தர்ணிகா, ஐந்தாம் வகுப்பு பி, பள்ளிக்குள் முப்பத்து நாலு. மஞ்சளும் சிவப்பும் சேருமிடத்தில், சிவப்புப் பக்கம் ஒரு சின்ன அம்புக்குறி.

அம்சவேணி உள்ளே வரும்போதே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள், கழற்ற வேண்டியதில்லைங்க என்று சொல்வதற்குள் கழற்றியிருந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும், தறிக்குடோனிலிருந்து நேராக வந்திருக்கிறாள், முடியிலும் ரவிக்கைத் தோளிலும் பஞ்சுத் தூசி. பெஞ்சில் உட்காரவில்லை. கையில் மடித்து வைத்திருந்த பேப்பரைப் பிரித்தாள், பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே அறிக்கையைக் கடையில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்திருந்தாள், அதில் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல். சாம்பலில் பார்த்தால் எல்லாக் குழந்தையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"ஏனுங் டீச்சர், ஒரே ஒரு மார்க்குதானுங்களே. முப்பத்தஞ்சு வந்தா பாசு. அந்த ஒரு மார்க்கப் போட்டுட்டிருக்கக் கூடாதுங்களா?"

கோகிலவாணி பேனாவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து. இந்த ஒரு எண் நம் ஜனத்தின் ரத்தத்தில் எப்போது ஏறியது என்று யாராவது கண்டுபிடித்தால் தேவலை. அவளுக்கே ஏறியிருந்ததே. நாலு வருஷத்துக்கு முன் ஈரோட்டு ஆஸ்பத்திரியில், ஏ.சி. அறையில், பல்லெல்லாம் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தபோது, டாக்டர் பேனாவைத் திருப்பிப் பிடித்து ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைத் தட்டினார். உங்க வீட்டுக்காரர் ஹார்ட்டோட பம்பிங் முப்பத்தெட்டு இருக்குங்கம்மா. முப்பத்தெட்டு என்றதும் அவளுக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது, முப்பத்தைந்துக்கு மேல் மூன்று, பாஸ், பாஸாகிவிட்டார், மாரியாத்தா. கணக்கு டீச்சர். பின்னம், தசமம், சதவீதம் எல்லாம் நடத்துகிறவள், எதற்குள் எத்தனை என்று கேட்காமல் ஒரு எண்ணுக்கு அர்த்தம் கிடையாது கண்ணுகளா என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போடுகிறவள், எதற்குள் முப்பத்தெட்டு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரிங்க டாக்டர் என்றாள், நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நல்ல இதயத்துக்கே அறுபதுதான் என்பது ஒரு வாரம் கழித்து, பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் சொல்லித்தான் தெரிந்தது. அவளுடைய கணவர் சண்முகவடிவேல் அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார், லாரி புக்கிங் ஆபீஸுக்குப் போவதில்லை, மாடிப்படி ஏறுவதில்லை, இப்போதும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார், மத்தியானச் சோற்றுக்கு அவள் வந்தாக வேண்டும். அந்த டாக்டரை அவள் எத்தனை தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறாள், புரிகிற மாதிரி சொல்லத் தெரியாத மனுஷன் எதற்கு டாக்டராக வேண்டும் என்று. அவருக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை, வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். இப்போது அவள் கையிலும் ஒரு பேனா, அதையும் அவள் திருப்பித்தான் பிடித்திருக்கிறாள்.

"உக்காருங்க அம்சவேணி. மொதல்ல உக்காருங்க. இது மார்க் இல்லைங்க, இதுக்குப் பாஸ் ஃபெயில் எதுவும் கெடையாது."

"அப்படிங்களா." அவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள், முழங்கால் மேலே வந்தது. "நான் ஃபெயில்னு நெனச்சு நேத்து ரெண்டு போட்டுட்டனுங்க டீச்சர். தோசைக் கரண்டிக் காம்புல. அவளும் இது மார்க் இல்லைன்னுதான் சொன்னா. ஒளர்றான்னு இன்னொண்ணு சேத்திப் போட்டேன். இன்னைக்கு வரமாட்டேன்னுட்டா. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்கறா."

அதற்கு என்ன சொல்வது. அடிக்கக் கூடாதுங்க என்று சொல்லலாம், அது சுலபம், அறிவுரை சொல்ல இந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தொண்டை கட்டாது. அடித்தது யார் என்று பார்த்தால் தோசைக் கரண்டி கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இந்தத் தாள், தாளுக்கு முன்னால் டெல்லிக் கம்பெனி, கம்பெனிக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு நாற்பது நிமிஷம், அந்த நாற்பது நிமிஷத்தில் யார் எங்கே நின்றார்கள். அங்கே போகாதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளையைப் பற்றிப் பேசு. தர்ணிகா மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம், பென்சிலைக் கடிக்கிற பழக்கம். நவம்பரில் பின்னத்தை வகுக்கச் சொல்லிக்கொடுத்தபோது, தலைகீழாக்கிப் பெருக்கு என்று போர்டில் எழுதியதும் மற்ற எல்லோரும் தலைகீழாக்கிப் பெருக்கிவிட்டு நோட்டை மூடிவிட்டார்கள், இவள் மட்டும் மூடவில்லை. மிஸ், அரையைக் காலால வகுத்தா ரெண்டு வருது மிஸ், வகுத்தா கொறையத்தான மிஸ் வேணும், எப்படி மிஸ் அதிகமாச்சு? பதினெட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட குழந்தைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம், அந்தக் கையிலும் விரல் மிஞ்சும். அரை வாழைப்பழத்தில் எத்தனை கால் வாழைப்பழம் இருக்குன்னு பாரு என்று சொன்னபோது அந்த முகம் மலர்ந்ததே, அன்று மத்தியானம் முழுக்க அவள் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தாள். மெதுவாக யோசிக்கிற குழந்தை, ஒரு கேள்வியை முழுக்கப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாது. நாற்பது நிமிஷத்தில் நாற்பது கேள்வி. பதினேழாவது கேள்வி பனிப்பொழிவைப் பற்றியது, ஏதோ மலை ஊரில் எந்த மாதம் எத்தனை சென்டிமீட்டர் பனி பெய்தது என்று படம். திருச்செங்கோட்டுப் பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழி, அதைச் சென்டிமீட்டரில் அளப்பார்கள் என்று யார் கண்டார்கள். பி பிரிவுக்கு வெளியிலிருந்து வந்த மேற்பார்வையாளர், கண்டிப்பானவர், கையைத் தூக்கிய குழந்தையிடம் கையைக் கீழே போடு என்றாராம். பதினேழு. பதினேழாவது கேள்விக்கு விடை சி. அதை அவள் எப்படி மறப்பாள்.

"அப்ப இந்த முப்பத்து நாலுன்னா என்னதானுங்க? சொல்லுங்க டீச்சர், எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க. அவங்கப்பா ஃபோன்ல கேட்டா நான் சொல்லோணும். அவரு ரிக்கு வண்டியில சத்தீஸ்கர் போயிருக்கறாரு, மூணு மாசமாச்சு. போர்வெல் போடற எடத்துல டவர் கெடைக்காது, கெடைக்கறப்ப மொதக் கேள்வியே இதாத்தான் இருக்கும்."

அவள் சொன்னாள். காலையிலிருந்து சொன்ன வாக்கியத்தைத்தான் சொன்னாள், ஆனால் இந்தத் தடவை அவசரமில்லாமல், ஒரு தாளை எடுத்து நூறு புள்ளி வைத்து, முப்பத்து நாலாவது புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பின்னல் சடை வரைந்து, இது தர்ணிகாங்க, இவளுக்குப் பின்னாடி முப்பத்து நாலு பேரு, முன்னாடி மத்தவங்க. இவளுக்கு எவ்வளவு கணக்குத் தெரியும்னு இந்த நம்பர் சொல்லாதுங்க, மத்தவங்களோட வெச்சுப் பாத்தா எங்க நிக்கறான்னு மட்டும்தான் சொல்லும். மத்தவங்க முன்னாடி போனா இவ பின்னாடி போவா, இவ ஒரு தப்பும் பண்ணலைன்னாலும். கடைசி வரியை அவள் வேறு யாருக்கும் சொல்லவில்லை. ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஷீபா மேடம் கொடுத்த குறிப்பில் அந்த வரி இல்லை. நன்றாக விளக்க வேண்டும் என்ற வீம்பு, நல்ல டீச்சர் என்ற பெயருக்கு இன்னும் ஆசை, போர்டுக்கு முன்னால் நின்றால் உண்மையைத் தவிர வேறெதுவும் வராது என்று ஒரு காலத்தில் தன்னைப் பற்றியே நம்பிய முட்டாள்தனம். அம்சவேணி புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு அசைந்தது, எண்ணுகிறாள் போல. அவள் எண்ணட்டும், இன்னும் எட்டுப் பேர் வெளியே இருக்கிறார்கள், எண்ணி முடித்ததும் படிவத்தை நீட்டிவிடலாம்.

"இதும் எங்க தறியாட்டந்தானுங் டீச்சர்." சட்டென்று நிமிர்ந்தாள். "எங்க குடோன்ல புதுத் தறி ஆறு, பழசு எட்டு. புதுத் தறியில நிக்கறவிய ஷிப்டுக்கு அறுவது மீட்டர் ஓட்டிப்போடுவாங்க. நான் பழசுல நிக்கறேன், நூலு எடுத்துட்டுப் போற நாடா நின்னு நின்னு ஓடும், நாப்பதுக்கு மேல ஏறாது. சனிக்கெழமை மேஸ்திரி போர்டுல எழுதிப்போடுவாரு, யாரு எத்தனை மீட்டருன்னு. எந்தத் தறின்னு எழுத மாட்டாரு. பாக்கறவிய அம்சவேணி சோம்பேறின்னுட்டுப் போவாங்க." சிரித்தாள். "அதுதானுங்களே இது?"

அதுதான். இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொல்லிவிட முடியாது. எட்டாவதோடு நின்றவளாக இருக்கும், அல்லது பத்தாவது, பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது அந்தக் கேள்வி என்று இப்போது தெரிகிறது. எந்தத் தறி என்று எழுத மாட்டாரு. ஏ பிரிவுக்கு எந்தத் தறி. டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, ஷீபா மேடம் காரிடாரில் நிறுத்தித் தோளில் கை போட்டார், அந்தக் கை போட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோகிலா, ஏ செக்ஷனுக்கு நீங்க போங்க, அங்க டிரஸ்ட்டி பசங்க எல்லாம் இருக்காங்க, கொஞ்சம் கைடு பண்ணுங்க, கணக்குல மட்டும், ரொம்ப வேண்டாம். ரொம்ப வேண்டாம் என்பதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் அன்றைக்குத் தோன்றியது, பால்காரர் ரொம்பத் தண்ணீர் கலக்க மாட்டார் என்பதுபோல. முடியாதுங்க மேடம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், மே மாதம் காண்டிராக்டைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், சொன்னதைக் கேட்காத பௌதிக டீச்சருக்கு விட்டதுபோல, வீட்டில் முப்பத்தெட்டு பம்பிங்கில் ஒருவர் மாத்திரைக்குக் காத்திருக்கிறார். இந்தக் கணக்கை அவள் அந்தக் காரிடாரில் மூன்று நொடியில் போட்டுவிட்டாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஏழு கேள்விகள். பெஞ்சு பெஞ்சாக நடந்தாள், வாயைத் திறக்கவில்லை, தாளின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள், எடுத்தாள், அடுத்த பெஞ்சு. பிள்ளைகள் ஆச்சரியப்படவேயில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரைக்கும் ஆறவில்லை. முதல் குழந்தை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது, பிறகு வட்டத்தைக் கறுப்பாக்கியது, மற்றவை நிமிரக்கூட இல்லை, பந்தியில் இலையைப் பார்த்தபடியே இருப்பவர்கள் பரிமாறுகிறவரை நிமிர்ந்து பார்ப்பதில்லை அல்லவா, அப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை ரிசல்ட் பட்டியலை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தாள். குக்கர் ஐந்தாவது விசில் போட்டதும் தெரியவில்லை. ஏ பிரிவில் ஒவ்வொருவருக்கும் ஏழைக் கழித்தாள். எல்லோருக்கும் கழிக்கக் கூடாது, சிலருக்கு அந்த ஏழில் இரண்டு மூன்று தானாகவே தெரிந்திருக்கும், நியாயமாகக் கழிக்க வேண்டும் என்று ஒரு திருடியின் நியாயத்தோடு கழித்தாள். இருபது பேர் தர்ணிகாவுக்குக் கீழே இறங்கினார்கள். முப்பத்து நாலு ஐம்பத்திரண்டு ஆயிற்று. தப்பாகப் போட்டோமோ என்று இன்னொரு தடவை போட்டாள், அப்போதும் ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டுக்குப் பேசிக் செக்ஷன் கிடையாது, படிவம் கிடையாது, தோசைக் கரண்டி கிடையாது. என்னடி கருகற வாசம் என்று கணவர் உள்ளே இருந்து கேட்டார், ஒண்ணுமில்லைங்க பருப்பு அடிப்பிடிச்சுக்கிச்சு என்றாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள், கிழித்தால் எண் போய்விடுமா, மண்டைக்குள் போர்டில் எழுதியதுபோல் நிற்கிறது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு. பிள்ளை வாழ்க்கையில் பதினெட்டு என்ன பெரிய வித்தியாசம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அவருடைய முப்பத்தெட்டுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருபத்திரண்டுதான் வித்தியாசம், அதற்கே மாடி ஏற முடியவில்லை.

"டீச்சர்." அம்சவேணி குரலைத் தாழ்த்தியிருந்தாள். "எங்க முதலாளி பொண்ணு ஏ செக்ஷனுங்க. அதுக்கு தொண்ணூத்தாறாம். முதலாளியம்மா ஸ்வீட் குடுத்து அனுப்பிச்சாங்க. அந்தப் புள்ள நம்மூட்டுக்கு வரும், தர்ணிகாகிட்டத்தான் கணக்கு கேக்கும். அவதான் சொல்லிக் குடுப்பா. போன மாசங்கூட வந்து பின்னம் கேட்டுட்டுப் போச்சு." விரலால் புள்ளிகளில் கடைசிப் பக்கத்தைத் தொட்டாள். "சொல்லிக் குடுத்தவ இங்க நிக்கறா. கேட்டுக்கிட்ட புள்ள அங்க நிக்குது. இது எப்படீங்க?"

வகுத்தா கொறையத்தான வேணும், எப்படி அதிகமாச்சு. அதே குரல், அதே சாய்ந்த தலை. கோகிலவாணிக்கு ஆயிரம் பதில் இருந்தது. பரீட்சைன்னா அன்னைக்கு நெலமைங்க. சில பிள்ளைங்களுக்கு டைம் மேனேஜ்மெண்ட் வராதுங்க. இங்கிலீஷ் கொஞ்சம் பிராக்டிஸ் வேணுங்க. எல்லாமே காலையிலிருந்து சொன்னவைதான், ஒவ்வொன்றிலும் அரைக்கால் உண்மை உண்டு, அதனால்தான் அவை இத்தனை நன்றாக ஓடுகின்றன. படிவம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. சொல்லிவிட்டு நீட்டினால் முடிந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போய் ரசம் வைக்க வேண்டும், சோடியம் குறைவாக, அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் சாப்பிடுவார்.

"எந்தத் தறின்னு எழுதாம விட்டுட்டாங்க அம்சவேணி," என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "அன்னைக்கு ஏ செக்ஷன்ல ஏழு கேள்விக்கு விடை சொல்லிக் குடுத்தாங்க. எல்லாப் புள்ளைக்கும். அதுனாலதான் அவங்க முன்னாடி நிக்கறாங்க. அது இல்லைன்னா தர்ணிகா அம்பத்திரண்டு. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அம்சவேணி புள்ளியிலிருந்து விரலை எடுத்தாள்.

"யாருங்க சொல்லிக் குடுத்தது?"

"நான்தாங்க."

சொன்ன பிறகு அவள் காத்திருந்தாள். இத்தனை நாள் கனவிலும் குளியலறையிலும் பஸ்ஸிலும் அவள் ஒத்திகை பார்த்த இடம் இது. அந்த அம்மாள் கத்துவாள், நீயெல்லாம் ஒரு டீச்சரா என்பாள், வராந்தாவில் இருக்கிறவர்கள் ஓடி வருவார்கள், ஷீபா மேடம் வருவார், வேலை போகும். போகட்டும், போய்த் தொலையட்டும் என்று ஒரு மூலையிலும், ஐயோ போய்விடுமே என்று எல்லா மூலையிலும் இருந்தது. அம்சவேணியின் முகத்தில் கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது, வராமல் இல்லை, கழுத்து நரம்பு ஒன்று புடைத்தது, அப்புறம் அது வேறு எங்கோ போயிற்று, மழை வருகிறது வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கையில் மேகம் சங்ககிரிப் பக்கம் நகர்ந்துவிடுமே, அப்படி.

"முதலாளி பொண்ணுக்குமுங்களா?"

"அவளுக்குந்தான். ஏழும்." கோகிலவாணி முன்னால் குனிந்தாள், வார்த்தைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "நீங்க இதுல கையெழுத்துப் போடாதீங்க. எனக்குச் சம்மதம் இல்லைன்னு எழுதிக் குடுங்க. மறுபடி பரீட்சை வெக்கச் சொல்லிக் கேளுங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. நான் சொன்னேன்னே சொல்லுங்க, பரவாயில்லை."

பரவாயில்லை என்றபோது அது உண்மையாகத்தான் இருந்தது, அந்த நொடிக்கு. அம்சவேணி படிவத்தை எடுத்துப் பார்த்தாள். நிதானமாக, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அவள் கணவன் ஓட்டுவது அந்த முதலாளியின் ரிக்கு வண்டியைத்தான், அவள் நிற்கும் குடோன் முதலாளியின் தம்பியுடையது, வீடு அந்தக் குடோனுக்குப் பின்னால் உள்ள லைன் வீடு, இந்தப் பள்ளியில் இடம் கிடைத்ததே முதலாளியம்மா ஒரு வார்த்தை சொன்னதால்தான் என்பது கோகிலவாணிக்கு அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தது, பிள்ளையின் சேர்க்கைப் படிவத்தில் சிபாரிசு என்ற இடத்தில் அந்தப் பெயரை அவளே பார்த்திருக்கிறாள். பார்த்தும் இப்போது இந்தப் பெண்ணிடம் உரிமை என்கிறாள். உண்மையைச் சொன்னதால் தன் பாரம் இறங்கியது, இறங்கின இடம் எது என்று பார்க்கவில்லை. ஒருவேளை அதற்குத்தான் சொன்னாளோ.

"அப்ப வேண்டாமுங் டீச்சர்," என்றாள் அம்சவேணி. "மறுபரீட்சைன்னா அந்தப் புள்ளைக்கும் கொறையுமில்லீங்களா. யாரு கேட்டதுன்னு அவிய கேப்பாங்க. அவரு அங்க காட்டுக்குள்ள கெடக்கறாரு." பேனாவுக்குக் கை நீட்டினாள். "எங்க போடோணும்?"

கோகிலவாணி இடத்தைக் காட்டினாள். அம்சவேணி தமிழில், எழுத்தெழுத்தாக, கோட்டுக்கு மேல் ஒரு நூலும் பிசகாமல் தன் பெயரைப் போட்டாள், தேதி போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், கறுப்பு வெள்ளைத் தாளின் ஓரத்தில் அம்பத்திரண்டு என்று எழுத்தால் எழுதிக்கொண்டாள். அவங்கப்பாகிட்டச் சொல்றதுக்குங்க என்றாள், யாரும் கேட்காமலே. புள்ளி வைத்த தாளையும் எடுத்துக்கொள்ளட்டுங்களா என்று கேட்டு மடித்து இடுப்பில் செருகினாள். எழுந்தாள், வாசல்வரை போனாள், ஒரு செருப்பை மாட்டிவிட்டு அடுத்ததை மாட்டாமல் நின்றாள். திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் குத்தலோ பழியோ எதுவும் இல்லை. நிற்காமல் போன பஸ்ஸைப் பற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிற முகம்தான் அது.

"ஏனுங் டீச்சர், இவளுக்கும் நீங்கதான கணக்கு எடுக்கறீங்க. பி செக்ஷனும் பக்கத்து ரூமுதானுங்களே. அப்படியே இவிய ரூமுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாமில்லீங்களா?"

கோகிலவாணி கையெழுத்தான படிவத்தை மற்ற படிவங்களோடு சேர்த்து வைத்தாள்.

"வந்திருக்கலாமுங்க," என்றாள்.